காணாக்கடி

ஐயனார் துணை
வல்லத்திராக்கோட்டை
வெகுதானிய வருஷம், ஆனி 22

அன்புள்ள மாமாவுக்கு உண்ணாமலை எழுதிக்கொண்டது. இங்கே உங்கள் அண்ணன் பெரியவர், செவந்தி அக்கா, நான், பிள்ளை எல்லோரும் நலம். அக்கரைச் சீமையில், ஈப்போவில், உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? போன மாசம் காய்ச்சல் என்று எழுதியிருந்தீர்கள். கடையில் மூட்டை தூக்க ஆள் இருக்கும்போது நீங்கள் தூக்க வேண்டாம்.

எல்லோரும் நலம் என்று வழக்கம்போல எழுதிவிட்டேன். பிள்ளை இப்போது நலம்தான். போன செவ்வாய்க்கிழமை நலமாக இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் கடைசியாக வந்தபோது கள்ளியை வெட்டித் திருத்திவிட்டுப் போன மேலக்கொல்லையில் இந்த வருஷம்தான் முதல் விதைப்பு. முற்றத்தில் பெண்கள் உட்கார்ந்து விதைக்கடலை உடைத்தோம். ராசு நடுவில் உட்கார்ந்து தொலியை அள்ளி அள்ளி வீசிக்கொண்டிருந்தான். மூன்று வயசுப் பிள்ளை சும்மா இருப்பானா, ஒரு பருப்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். உடனே வாயைச் சொறிந்தான். உதடு தடித்தது. பிறகு கன்னம், காது, வயிறு எல்லாம் திட்டுத் திட்டாகத் தடித்துக் கண் இரண்டும் மூடிக்கொண்டன. மூச்சு இழுக்கும்போது உள்ளே கீச்சென்று ஒரு சத்தம். கடைசியில் குபுக்கென்று வாந்தி எடுத்தான். அதற்கப்புறம் மெல்ல மெல்ல வடிந்தது.

காணாக்கடி என்றார்கள். கண்ணுக்குத் தெரியாத பூச்சி ஏதோ விதை மூட்டைக்குள் இருந்து கடித்துவிட்டதாம். ஐயனார் கோவில் பூசாரி கண்ணுசாமி வேளார் வந்து வேப்பிலை அடித்து மந்திரித்துவிட்டுப் போனார்.

நான் பெரியவரிடம், "கடலையைத் தின்ன கையோட வந்துச்சுங்க" என்று சொல்லிப் பார்த்தேன். "ஊரே கடலையைத் தின்னுட்டுத்தான் திரியுது. ஒம் மவனை மட்டும் கடலை கடிக்குதாக்கும்" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்ததால் நானும் சிரித்து வைத்தேன். ஆனால் பயமாக இருக்கிறது மாமா.

பெரியவரும் ஒரு தாள் எழுதி இதே உறைக்குள் வைக்கிறார். என் தாளையும் படித்துப் பார்த்துத்தான் ஒட்டுவார். ஆகையால் இதோடு நிறுத்துகிறேன். வேளைக்குச் சாப்பிடவும்.

உங்கள்
உண்ணாமலை

*

முருகன் துணை
ஈப்போ
20-7-1938

அன்புள்ள உண்ணாமலைக்கு ஆசீர்வாதம். அண்ணனுக்கும் மதினிக்கும் என் வணக்கம். இவ்விடம் சுகம். காய்ச்சல் விட்டுவிட்டது. இதை அண்ணன் வாசிக்கும்போது வழக்கம்போல எல்லோரும் கூட இருந்து கேட்டுக்கொள்ளவும்.

கடிதம் கண்டதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. அரிசி அளந்துகொண்டே இருக்கும்போது கை நின்றுவிடுகிறது. முதலாளி இரண்டு தடவை ஏசிவிட்டார். பிள்ளை பிறந்து நான் தூக்கியது ஒரு வருஷம்கூட இல்லை. அவன் முகம் வீங்கினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன், வீங்காத முகமே எனக்குச் சரியாக ஞாபகத்தில் வரவில்லை.

அண்ணன் தயவுசெய்து கூரையைப் பிரித்துப் புது ஓலை போடவும். எலி வளை எல்லாவற்றையும் அடைக்கவும். சாயங்காலம் தவறாமல் சாம்பிராணி போடவும். பிள்ளையைத் தரையில் படுக்க விட வேண்டாம்.

உண்ணாமலை, கடலை மேல் பழியைப் போடாதே. இங்கே நான் கடலை மூட்டை மேல்தான் படுத்துத் தூங்குகிறேன். கடிக்கிறது பூச்சிதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். பிள்ளைக்கு என் முத்தம்.

சிவசாமி

*

ஐயனார் துணை
வல்லத்திராக்கோட்டை
ஆவணி 5

அன்புள்ள மாமாவுக்கு உண்ணாமலை எழுதியது. எல்லோரும் சௌக்கியம். நீங்கள் சொன்னபடி கூரை பிரித்து வேய்ந்தாயிற்று. ஒரு தேள் கிடைத்தது. அதை அடித்து வாசலில் போட்டு, இதுதான் கடித்தது என்று எல்லோரும் நிம்மதியாகப் போனார்கள். தேள் கடித்தால் எங்கே கடித்தது என்று தெரியாதா? நான் கேட்கவில்லை.

நீங்கள் சிரித்தாலும் சரி, பெரியவர் சிரித்தாலும் சரி, நான் பிள்ளைக்குக் கடலை காட்டுவதில்லை. அவனுக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி, நல்லெண்ணெய் மட்டும். வாசலில் ஒரு தொட்டியில் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறேன். கொல்லையிலிருந்து யார் வந்தாலும் கை கழுவிவிட்டுத்தான் அவனைத் தூக்கலாம். சட்டைப் பையைத் தைத்து மூடிவிட்டேன், தெருப் பிள்ளைகள் பாசமாக ஒரு பிடி போட்டுவிடுகின்றன. யார் என்ன கொடுத்தாலும் "எனக்குச் சேராது" என்று சொல்லப் பழக்கியிருக்கிறேன். இப்போது கூழுக்கும் அதைத்தான் சொல்கிறான். தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூப்பிட்டாலும் எனக்குச் சேராது என்று ஓடுகிறான்.

இதில் ஒரே சங்கடம் அக்காதான். அவர்களுக்கு ராசு என்றால் உயிர் என்பது உங்களுக்குத் தெரியும். பிறந்த நாளிலிருந்து அவர்கள் மடியில்தான் வளர்கிறான். நேற்று தொட்டியைக் காட்டியதும், "எங் கையி என்ன வெசமா? பெத்தவளுக்கு மட்டுந்தான் வலிக்குமா?" என்று கேட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். இதையும் பெரியவர் படிப்பார். படித்தால் படிக்கட்டும், அவர்களுக்கும் சொல்லட்டும். எனக்கு யார் மேலும் வருத்தமில்லை, பயம்தான்.

கொல்லையில் கடலை பூத்துவிட்டது. தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறீர்களா?

உண்ணாமலை

*

வல்லத்திராக்கோட்டை
புரட்டாசி 3

அன்புள்ள மாமாவுக்கு. நலம். உங்கள் நலத்துக்கு எழுதவும்.

பிள்ளைக்கு மறுபடியும் வந்தது. போன தடவையைவிட அதிகம். உதடு நீலம் பூத்துக் கண் மேலே போய்விட்டது. உடம்பு துணி மாதிரி துவண்டு கிடந்தான். பிழைத்துக்கொண்டான். இப்போது எழுந்து நடக்கிறான்.

காணாக்கடி என்றுதான் சொல்கிறார்கள். எப்படி வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா மூன்று வேளையும் சரியாகச் சாப்பிடுவதில்லை, பாவம்.

வேறு விசேஷம் இல்லை.

உண்ணாமலை

*

முருகன் துணை
ஈப்போ
4-10-1938

அன்புள்ள உண்ணாமலைக்கும் அண்ணன் மதினிக்கும் சிவசாமி எழுதுவது. என் சுகம் இருக்கட்டும். பிள்ளை சுகம் எப்படி என்று அடுத்த கப்பலுக்கு எழுதவும்.

எவ்வளவு சின்னக் கடிதம் எழுதியிருக்கிறாய். அதைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன், பின்பக்கத்தில் ஒன்றுமில்லை.

நன்றாக யோசித்துப் பார்த்தேன். பூச்சி என்றால் கூரையைப் பிரித்தாயிற்று. கடலை என்றால் நீ கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காபந்து பண்ணியும் வந்துவிட்டதே. ஆகவே இது இரண்டும் இல்லை. சாமி குறைதான். மேலக்கொல்லையில் கள்ளி வெட்டியபோது பொங்கல் வைக்காமல் கப்பல் ஏறினேன். ஐயனார் எல்லை அது. அந்தக் குறையைப் பிள்ளை மேல் காட்டுகிறார்.

இங்கே முருகன் கோவிலில் கிழக்கே பார்த்து விழுந்து வேண்டிக்கொண்டேன். மேலக்கொல்லையில் முதல் கடலை பிடுங்கியதும், பிள்ளையைக் குளிப்பாட்டி, ஒரு தட்டுப் புதுக் கடலையை ஐயனாருக்குப் படைத்து, அதில் முதல் வாய் பிள்ளைக்குக் கொடுப்பது. அவர் கொடுத்ததை அவர் பிரசாதமாகப் பிள்ளை சாப்பிட்டால் பிறகு ஒரு பூச்சியும் அண்டாது. அண்ணன் இதைச் சத்தமாக வாசித்து நாலு பேர் அறியச் செய்யவும். சொன்ன சொல் சொன்னதுதான்.

இனி பயமில்லை என்று இரு.

சிவசாமி

*

ஆவூர் சூசைராஜ் வாத்தியார் மூலமாக
ஐப்பசி 1

மாமாவுக்கு.

இந்தக் கடிதம் பெரியவர் உறையில் வரவில்லை. நம் பள்ளிக்கூடத்து வாத்தியார் புதுக்கோட்டைக்குப் போகிறார், அவர் தனியாகத் தபாலில் சேர்ப்பார். பதிலையும் அவர் பெயருக்கே எழுதுங்கள். வீட்டுக்கு எழுதினால் வீடே கேட்கும். நலம் விசாரிக்கக்கூட எனக்கு இப்போது பொறுமை இல்லை, மன்னிக்கவும்.

உங்கள் கடிதத்தை முற்றத்தில் வைத்து வாசித்தார்கள். எதிர்வீட்டுப் பிச்சையம்மாள் வரை வந்து உட்கார்ந்து கேட்டாள். "முதல் வாய் பிள்ளைக்கு" என்று பெரியவர் வாசித்தபோது நான் பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அக்காளைப் பார்த்தேன். அவர்கள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

இப்போது உள்ளதைச் சொல்கிறேன். புரட்டாசியில் வந்தது சாமி குறை இல்லை. அக்கா கடலை உருண்டை கொடுத்தார்கள். நான் குளத்துக்குப் போயிருந்தேன். அவன் எனக்குச் சேராது என்று சொல்லியிருக்கிறான். "பெரியாத்தா குடுத்தா எல்லாம் சேரும்டா" என்று மடியில் வைத்து ஊட்டியிருக்கிறார்கள். நான் திரும்பி வந்தபோது பிள்ளை அவர்கள் மடியில் நீலமாகக் கிடந்தான். வாய்க்குள் விரலை விட்டு வாந்தி எடுக்க வைத்ததும் அவர்கள்தான். எல்லாம் முடிந்த பிறகு என் காலைக் கட்டிக்கொண்டார்கள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார்கள்.

இதை நான் எப்படி எழுதுவேன்? பெரியவர் படிப்பார். ஊர் கேட்கும். பிள்ளை பெறாதவள் அடுத்தவள் பிள்ளைக்கு விஷம் வைத்தாள் என்றுதான் சொல்வார்கள். பாசத்தில் கொடுத்தாள் என்று ஒரு வாய் சொல்லாது. அதனால்தான் தெரியவில்லை என்று எழுதினேன். அதை வைத்து நீங்கள் இப்படி ஒரு வேண்டுதல் செய்வீர்கள் என்று நான் கண்டேனா?

என் அம்மா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிப் பிள்ளையைப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் காட்டினேன். டாக்டர் எல்லாம் கேட்டுவிட்டு, சில உடம்புக்குச் சிலது சேராது, கடலை இவனுக்கு ஆகாது, விலக்கி வைப்பதுதான் மருந்து என்றார். மறுபடி வந்தால் ஊசி இருக்கிறதாம். வண்டி கட்டி இங்கே வருவதற்குள் என்ன ஆகும் என்று நான் கேட்டேன். அவர் பிள்ளை தலையைத் தடவினார்.

வேண்டிக்கொண்டது நீங்கள். மாற்றவும் உங்களால்தான் முடியும். வேறு எதையாவது படைக்கச் சொல்லி எழுதுங்கள். கடலை முற்றிக்கொண்டு வருகிறது. நான் தினம் போய் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்க்கிறேன். முற்றக் கூடாது என்று வேண்டுகிற ஒரே குடியானவன் வீட்டுக்காரி நானாகத்தான் இருப்பேன்.

உண்ணாமலை

*

ஈப்போ
31-10-1938

அன்புள்ள உண்ணாமலைக்கு. சுகம். உன் கடிதம் வாத்தியார் முகவரியோடு வந்தது.

மதினி மேல் எனக்குக் கோபமில்லை. நீ சொல்வதை நம்பாமலும் இல்லை. ஆனால் சாமியிடம் சொன்ன சொல்லை எப்படித் திருப்பி வாங்குவது? இங்கே பெரியவர்களைக் கேட்டேன். வேண்டுதலை மாற்றினால் எதற்காக வேண்டினோமோ அதையே எடுத்துக்கொண்டு போய்விடும் என்கிறார்கள். அவன் எனக்கு ஒரே பிள்ளை. கொடுத்தாலும் பயம், கொடுக்காவிட்டாலும் பயம் என்று நான் இரண்டு பக்கமும் இடி வாங்குகிறேன்.

ஒரு வழி தோன்றுகிறது. முதல் வாய் என்றுதானே சொன்னேன், எவ்வளவு என்று சொல்லவில்லை. ஒரே ஒரு பருப்பு. அதையும் நுணுக்கி நாக்கில் தடவினால் போதும். சாமிக்குச் சொன்னதும் நிறைவேறும், பிள்ளைக்கும் ஒன்றும் ஆகாது. அண்ணனுக்கும் இப்படியே தனியாக எழுதிவிட்டேன். மதினி விஷயத்தை எழுதவில்லை.

மனசைத் திடமாக வைத்துக்கொள்.

சிவசாமி

*

ஈப்போ
17-11-1938

உண்ணாமலைக்கு.

கொடுக்காதே. ஒரு பருப்பும் கொடுக்காதே. இன்றைக்கு வாத்தியார் பெயருக்குத் தந்தியும் அடித்திருக்கிறேன். முந்தி எது வருகிறதோ அதைப் பார்த்துக்கொள்.

நம் கடையில் என்னோடு வேலை பார்க்கிற ராக்கனைப் பற்றி முன்பு எழுதியிருக்கிறேன். பொன்னமராவதிக்காரன், மதினிக்குக்கூட அவன் வீட்டைத் தெரியும். அவனுக்கு இறால் ஆகாது. கடையில் எல்லோருக்கும் தெரியும், இறால் சமைக்கும் நாளில் அவனுக்குத் தனியாக ரசம் வைப்போம். ஆறு வருஷமாக அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். ஒரு நாளும் எனக்கு இது மண்டையில் உறைக்கவில்லை.

முந்தாநாள் இங்கத்து ஆள் ஒருவன் பெலாச்சான் போட்டு ஒரு துவையல் கொண்டுவந்து கொடுத்தான். அது இறாலை இடித்து உப்பில் ஊறவைத்தது. அந்தத் துவையல் எடுத்த கரண்டியைச் சரியாகக் கழுவாமல் ராக்கன் ரசத்தில் போட்டுவிட்டார்கள். கரண்டி நுனியில் ஒட்டியிருந்ததுதான். அவ்வளவுக்கு அந்த ஆறடி ஆள் என் கண் முன்னே வீங்கிக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். உதடு நீலம். உள்ளே கீச்சென்று சத்தம். நீ எழுதினாயே, அதே சத்தம். அதை நான் இப்போதுதான் காதால் கேட்டேன்.

பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருந்ததால் ஊசி போட்டுப் பிழைத்தான்.

நான் ஒரு பருப்பு என்று எழுதினேன். என் கையாலேயே எழுதினேன். தந்தி கிடைத்ததும் ஒரு வரி எழுது. ஒரே வரி போதும்.

சிவசாமி

*

ஈப்போ
6-12-1938

உண்ணாமலைக்கு, அல்லது இதைப் பிரித்துப் பார்க்கிற யாருக்கானாலும்.

தந்திக்குப் பதில் இல்லை. கடிதத்துக்குப் பதில் இல்லை. அண்ணன் தாளும் இல்லை. நேற்று வந்த கப்பலில் நம் பக்கத்துக் கடைக்காரர்கள் அத்தனை பேருக்கும் கடிதம் வந்தது.

எதுவாக இருந்தாலும் எழுதுங்கள். நல்லதாக இல்லாவிட்டாலும் எழுதுங்கள்.

சிவசாமி

*

ஐயனார் துணை
வல்லத்திராக்கோட்டை
கார்த்திகை 20

அன்புள்ள மாமாவுக்கு உண்ணாமலை எழுதிக்கொண்டது. பிள்ளை சுகம். முதலில் அதைப் படித்துவிட்டு மூச்சு விடுங்கள். பிள்ளை சுகம். என் பக்கத்தில் உட்கார்ந்து மைக்கூட்டைக் கேட்டு அழுகிறான். எனக்குத்தான் காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன், அதனால்தான் இத்தனை நாள் கடிதம் இல்லை. பெரியவர் எழுதவில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

மழை வருமுன் பிடுங்க வேண்டும் என்று அவசரப்பட்டு அறுப்பு முடிந்தது. கார்த்திகை பிறந்த முதல் வெள்ளிக்கிழமை ஐயனார் கோவில். நான் வாத்தியார் வீட்டுக்கு ஆவூருக்குப் பிள்ளையோடு ஓடிவிடுவது என்று இருந்தேன். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, விடிந்ததும் பெரியவர் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டவர் இறக்கவே இல்லை. நான் வழியெல்லாம், "வேண்டாங்க, அவனுக்கு ஆகாதுங்க" என்று சொல்லிக்கொண்டே போனேன். "ஒரே ஒரு பருப்புத்தான், தம்பியே எழுதியிருக்கான். சாமி சொத்த சாமி பாத்துக்கும்" என்றார்.

மண்குதிரைக்கு முன்னால் தட்டை வைத்தார்கள். புதுக் கடலை, மண் வாசம் போகாதது. கண்ணுசாமி வேளார் தீபம் காட்டிவிட்டு ஒரு பருப்பை விரலால் நசுக்கினார். பெரியவர் பிள்ளையைப் பிடித்துக்கொண்டார். ராசு என்னைப் பார்த்து, "எனக்குச் சேராது ஆத்தா" என்றான். நான் போய் அவன் வாயை என் உள்ளங்கையால் பொத்தினேன். "கைய எடு, சாமி குத்தமாயிரும்" என்று பிச்சையம்மாளும் இன்னும் இரண்டு பேரும் என் கையைப் பிடித்து இழுத்தார்கள். என் விரல் ஒவ்வொன்றாக விடுபட்டது.

அப்போது அக்கா வந்து தட்டைத் தூக்கி வயிற்றோடு அணைத்துக்கொண்டார்கள்.

"நாந்தான் குடுத்தேன்" என்றார்கள். முதலில் யாருக்கும் புரியவில்லை. "பொரட்டாசியில புள்ளைக்கு நாந்தான் கடலை உருண்டை ஊட்டுனேன், இந்தக் கையால. பூச்சியும் இல்ல, சாமியும் இல்ல. எம் மடியிலதான் நீலம் பாஞ்சு கெடந்துச்சு. அவ எனக்காவ வாயத் தொறக்காம இருந்தா. அது தொண்டைக்குள்ள போற சத்தம் எனக்குத் தெரியும், ஒங்க யாருக்கும் தெரியாது. சாமிக்குக் கோவம்னா என்னைய எடுத்துக்கிறட்டும். இத நான் தரமாட்டேன்."

பிச்சையம்மாள், "பெறாதவ கையில புள்ளயக் குடுத்தா இப்புடித்தான்" என்றாள். நான் இல்லை, அப்படி இல்லை, பாசத்தில் செய்தது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.

பெரியவர் கை ஓங்கினார். ஆனால் அடிக்கவில்லை. பிள்ளையை என்னிடம் கொடுத்தார். தட்டை வாங்கிக் குதிரைக் காலடியில் அப்படியே கொட்டினார். வேளார் கையைக் குளத்தில் கழுவிவிட்டு வந்து பிள்ளைக்கு வெறும் விபூதி மட்டும் பூசினார். வேண்டுதல் என்ன ஆயிற்று என்று அவரைக் கேட்டேன். "படைச்சாச்சு. சாமி வாங்கிக்கிருச்சு. போங்க" என்றார்.

மறுநாள் உங்கள் தந்தி வந்தது. தந்தி என்றதும் உங்களுக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்று ஊரே கூடி அழத் தொடங்கிவிட்டது. வாத்தியார் வாசித்துச் சொன்னார். "கடலை கொடுக்காதே" என்பதற்காக ஒருவன் தந்தி அடிப்பானா என்று இன்னும் பேசிக்கொள்கிறார்கள். பெரியவர் மட்டும் அதை வாங்கி மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டார்.

அதே நாள் அவர் வண்டி கட்டி அக்காளைப் பொன்னமராவதியில் அவர்கள் தம்பி வீட்டில் விட்டுவிட்டு வந்துவிட்டார். இப்போது வீட்டில் யாரோடும் பேசுவதில்லை. என் தாளைப் படிக்கக்கூட வாங்கவில்லை, நானே ஒட்டுகிறேன்.

களத்தில் கடலை குவிந்து கிடக்கிறது. காற்றடித்தால் தூசி வீட்டுக்குள் வருகிறது. நான் அடுப்பைப் பார்ப்பேனா, பிள்ளையைப் பார்ப்பேனா? ராசு வாசலில் நின்று பெரியாத்தா எங்கே என்று கேட்கிறான். மாமா, அவர்கள் பிள்ளையைக் காப்பாற்றினார்கள். நாங்கள் அவர்களைக் காப்பாற்றவில்லை.

உண்ணாமலை

*

முருகன் துணை
ஈப்போ
19-12-1938

அன்பும் மரியாதையும் மிகுந்த செவந்தி மதினி அவர்களுக்குச் சிவசாமி காலில் விழுந்து எழுதிக்கொண்ட கடிதம்.

அண்ணனுக்கு ஒரு வேண்டுகோள். இது மதினிக்கு வந்த கடிதம். அவர்கள் எதிரில் இல்லாமல் இதற்கு மேல் ஒரு வரியும் வாசிக்க வேண்டாம். அவர்கள் வந்து உட்கார்ந்த பிறகு, என் வேண்டுதல் கடிதத்தை வாசித்த அதே முற்றத்தில், அதே ஆட்களைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, அதே சத்தத்தில் வாசிக்கவும்.

மதினி, உடம்பு சௌக்கியமா? வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

என் பிள்ளையை இரண்டு பேர் சாகக் கொடுக்கப் பார்த்தோம். நீங்கள் தெரியாமல், பாசத்தில், ஒரு உருண்டை கொடுத்தீர்கள். நான் பயத்தில், சாமி பெயரைச் சொல்லி, ஒரு தட்டு கொடுக்கச் சொன்னேன். உண்ணாமலை வேண்டாம் என்று எழுதிய பிறகும் ஒரு பருப்பு கொடுக்கச் சொன்னேன். உங்களை ஊர் பேசியது. என்னை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. நான் ஆம்பிள்ளை, பிள்ளை பெற்றவன், தூரத்தில் இருக்கிறேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

பிச்சையம்மாள் அக்காளும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் நல்லது. பெற்றவன் கையில் பிள்ளையைக் கொடுத்திருந்தால் அன்றைக்குக் கோவிலில் என்ன ஆகியிருக்கும் என்று அவர்கள் யோசிக்கட்டும். பெறாதவர்கள் கைதான் தட்டைப் பிடுங்கியது.

அந்தச் சத்தம் யாருக்கும் தெரியாது என்று சொன்னீர்களாம். இப்போது எனக்கும் தெரியும். அதனால் சொல்கிறேன். இந்த வீட்டில் உண்ணாமலை கைக்கு அடுத்து ராசுவை உங்கள் கையில்தான் நான் விடுவேன். வேறு எந்தக் கையிலும், என் கையிலும்கூட, எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

அண்ணன் மேல் எனக்குக் கோபமில்லை. நான் எழுதியதைத்தான் அவர் செய்தார். இதையும் நான் எழுதியிருக்கிறேன்.

உங்கள் கொழுந்தன்
சிவசாமி

*

ஐயனார் துணை
வல்லத்திராக்கோட்டை
மார்கழி 28

அன்புள்ள மாமாவுக்கு உண்ணாமலை எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் நாலு பேரும் சுகம். நாலு பேர் என்று எழுதியிருப்பதைக் கவனித்தீர்களா?

உங்கள் கடிதம் வந்ததும் பெரியவர் வழக்கம்போல முற்றத்தில் உட்கார்ந்து பிரித்தார். பிச்சையம்மாள் முதல் ஆளாக வந்து உட்கார்ந்துவிட்டாள். இரண்டு வரி வாசித்துவிட்டு நிறுத்திவிட்டார். "மேல வாசிங்க" என்றார்கள். "இது எனக்கு வந்த கடுதாசி இல்ல" என்று மடித்து மாடத்தில் வைத்துவிட்டார். அவர் தம்பி எழுதிய கடிதம் வாசிக்காமல் இந்த வீட்டில் கிடந்தது இதுதான் முதல் தடவை. போகும்போதும் வரும்போதும் மாடத்தைப் பார்ப்பார். சாப்பிட உட்கார்ந்தாலும் கண் அங்கேதான் போகும். ஊரில் பார்க்கிறவர்கள் எல்லாம், சிவசாமி என்ன எழுதியிருக்கிறான் என்று அவரைக் கேட்டுத் துளைத்துவிட்டார்கள். கடைசியில் ஒரு நாள் காலையில் எழுந்து மாட்டை அவிழ்த்தார். எங்கே என்று நான் கேட்கவில்லை. "கடுதாசி கெடக்குல்ல" என்று அவராகவே சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா வந்து தூண் ஓரத்தில் நின்றார்கள். உட்கார்ந்த பிறகுதான் வாசிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறதே, ஆகவே பெரியவர் பாய் எடுத்துப் போட்டார். அவர் கையால் அக்காளுக்குப் பாய் போட்டு நான் பார்த்ததில்லை. முழுக்கச் சத்தமாக வாசித்தார். "அவ்வளவுதான் வித்தியாசம்" என்ற இடத்தில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து அந்த வரியை வாசித்தார். பிச்சையம்மாள் பாதியில் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று போய்விட்டாள்.

அக்கா அழவில்லை. எழுந்து வாசலுக்குப் போனார்கள். கோபித்துக்கொண்டு மறுபடி கிளம்புகிறார்களோ என்று நான் பின்னாலேயே ஓடினேன். அவர்கள் தொட்டியில் முழங்கை வரை கழுவிக்கொண்டிருந்தார்கள். நகத்தை நகத்தால் சுரண்டிச் சுரண்டிக் கழுவினார்கள். பிறகு ஈரக் கையோடு வந்து பிள்ளையைத் தூக்கினார்கள். அவன் அவர்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

அடுத்த வருஷம் மேலக்கொல்லையில் கேழ்வரகு போடலாம் என்று பெரியவர் சொல்கிறார். ஆனால் மேற்கே, கிழக்கே, தெருவெல்லாம் கடலைதான். பொங்கலுக்கு எந்த வீட்டில் யார் எதை அவன் கையில் கொடுப்பார்களோ தெரியவில்லை. நேற்று அவன் சும்மா இருமினான், நானும் அக்காளும் ஒரே சமயத்தில் எழுந்துவிட்டோம். இரண்டு பேரும் அவன் உதட்டைப் பார்த்தோம். சிவப்பாகத்தான் இருந்தது. அப்புறம் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

பயம் போகவில்லை மாமா. போகும் என்றும் தோன்றவில்லை. ஆனால் முன்பு நான் ஒருத்தி பயந்தேன். இப்போது இரண்டு பேராகப் பயப்படுகிறோம்.

ராக்கன் அண்ணனைக் கேட்டதாகச் சொல்லவும். அவருக்கு வைக்கிற ரசத்தில் வேறு கரண்டியைப் போட விடாதீர்கள்.

உங்கள்
உண்ணாமலை